மழை பொய்த்தால் மனிதன் எதனால் சாகிறான்?



நமது லயங்களில் இருக்கும் வயதானவர்களைக் கேட்டால், "எங்க பாட்டன் பூட்டன் பஞ்சம் பொழைக்க கண்டிச் சீமைக்கு வந்தவங்க" என்று சொல்வார்கள். சிறு வயதிலிருந்தே கேட்டுப் பழகிவிட்டதால், அந்தப் பஞ்சம் எப்படி வந்தது, அதில் ஜனங்கள் எதனால் செத்தார்கள் என்று நாம் நின்று யோசிப்பதில்லை. மழை இல்லை, விளைச்சல் இல்லை, சாப்பாடு இல்லை, அதனால் செத்தார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் விஷயம் அவ்வளவு சுலபமானது அல்ல. மழை பொய்ப்பதற்கும் ஒரு மனிதன் சாவதற்கும் நடுவில் பல படிகள் இருக்கின்றன. அந்தப் படிகளைத் தெரிந்துகொண்டால், இன்றைக்கு நம் வீட்டில் கைக்காசு குறையும்போது எதைக் காப்பாற்ற வேண்டும் என்பதும் விளங்கும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதல் படி: விலை

இயந்திரத் தொழில் வருவதற்கு முந்தின காலத்தில், எந்த நாட்டிலும் பெரும்பாலான ஜனங்கள் மண்ணை நம்பித்தான் வாழ்ந்தார்கள். ஒரு ஏழைக் குடும்பத்தின் வருமானத்தில் பாதிக்கு மேல் தானியம் வாங்கவே போய்விடும். விளைச்சல் குறைந்த வருஷத்தில் தானியத்தின் விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஏறும். கூலி மட்டும் ஏறாது. ஏறாதது மட்டுமல்ல, அறுவடை இல்லாத வயலில் வேலையும் இருக்காது. விலை மேலே போகும், வேலை கீழே போகும். இந்த இரண்டுக்கும் நடுவில் அகப்படுகிறவன் சொந்த நிலம் இல்லாத கூலியாள்தான்.

ஆகவே பஞ்சம் என்றால் ஊரில் தானியமே இல்லை என்று அர்த்தம் இல்லை. பல பஞ்சங்களில் கடையில் மூட்டை இருந்தது, வாங்கக் காசு இல்லை. இந்தியாவில் 1880ஆம் ஆண்டு அறிக்கை கொடுத்த பஞ்ச விசாரணைக் கமிஷனே, பஞ்ச காலத்தில் உழைக்கும் ஜனங்களின் வேலையும் கூலியும் இல்லாமல் போவதைப் பெரிய காரணமாகக் காட்டியது. இதையே நூறு வருஷம் கழித்து, 1981இல், பொருளாதார அறிஞர் அமர்த்திய சென் ஒரு நூலில் விரிவாக எடுத்துச் சொன்னார். அவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டாம் படி: அடுத்தடுத்து இரண்டு வருஷம்

ஒரு வருஷம் விளையாமல் போனால் ஜனங்கள் எப்படியோ சமாளித்துவிடுவார்கள். பழைய தானியம் கொஞ்சம் இருக்கும். ஆடு மாட்டை விற்பார்கள், நகை நட்டை அடகு வைப்பார்கள், கடன் வாங்குவார்கள். கடைசியில் விதை தானியத்தையும் தின்றுவிடுவார்கள். அதற்குப் பிறகு இரண்டாவது வருஷமும் பொய்த்தால் விற்க மாடு இல்லை, விதைக்க விதை இல்லை. கூட்டமாகச் சாவது பெரும்பாலும் இந்த இரண்டாம் வருஷத்தில்தான்.

ஐரோப்பாவில் 1315ஆம் ஆண்டு நடந்தது இதற்கு நல்ல உதாரணம். அங்கே பஞ்சம் வந்தது மழை இல்லாமல் அல்ல, மழை விடாமல் பெய்ததால். அந்த வருஷம் வசந்த காலத்தில் தொடங்கிய மழை நிற்கவே இல்லை. கோதுமைப் பயிர் வயலிலேயே அழுகியது. வெயில் இல்லாததால் உப்புக்கூடக் காய்ச்ச முடியாமல் உப்பு விலை ஏறியது. உப்பு இல்லாமல் இறைச்சியையும் மீனையும் பதப்படுத்தி வைக்க முடியவில்லை. 1316இலும் அதே கதை. இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் ஈப்ர் என்ற நெசவு நகரத்தில், 1316 மே மாதம் முதல் ஒக்டோபர் வரை, நகரத்துச் செலவில் புதைத்த பிணங்கள் மட்டும் ஏறக்குறைய 2,800. நகரத்து ஜனத்தொகையில் இது பத்தில் ஒரு பங்கு அளவு. அவர்கள் கூலிக்குத் துணி நெய்து தானியத்தை விலைக்கு வாங்கித் தின்றவர்கள். நம்மைப் போலத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: நோய்

இதுதான் முக்கியமான படி. பஞ்சத்தில் சாகிறவர்களில் பெரும்பாலோர் வெறும் பட்டினியால் சாவதில்லை. பட்டினி உடம்பின் பலத்தை எடுத்துவிடுகிறது, நோய் வந்து உயிரை எடுத்துக்கொண்டு போகிறது. வயிற்றோட்டம், இரத்தக் கழிச்சல், வாந்திபேதி, அம்மை, காய்ச்சல் எல்லாம் சாதாரண காலத்திலும் உண்டு. நல்லாச் சாப்பிட்ட உடம்பு அவற்றைத் தாங்கிக்கொள்ளும். வற்றிப்போன உடம்பு தாங்காது.

பட்டினி கிடக்கும் ஜனங்கள் ஒரே இடத்தில் இருக்கமாட்டார்கள் என்பது இன்னொரு காரணம். வேலை தேடியும் கஞ்சித்தொட்டி தேடியும் நடப்பார்கள். கிடைத்த குட்டையில் தண்ணீர் குடிப்பார்கள். கண்ட கிழங்கையும் இலையையும் தின்பார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே கொட்டகையில் படுப்பார்கள். குளிக்கவும் துணி மாற்றவும் வழி இருக்காது. நோய்க்கு இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்?

பின்லாந்து தேசத்தின் கதையைக் கேளுங்கள். 1867ஆம் ஆண்டு மே மாதம் வந்தும் அங்கே ஏரிகளில் பனிக்கட்டி உருகவில்லை. விதைப்பு தாமதமானது. செப்டம்பர் தொடக்கத்தில் உறைபனி விழுந்து முற்றாத பயிரைக் கருக்கிவிட்டது. நுவரெலியாப் பக்கம் பனி கொட்டி ஒரே இரவில் கொழுந்து கருகுவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். வெளிநாட்டிலிருந்து தானியம் வாங்க அரசாங்கம் தாமதித்தது. வாங்கத் தொடங்கும்போது குளிர் காலம் வந்து கடல் உறைந்து, கப்பல் வருவது கஷ்டமாகிவிட்டது. ஜனங்கள் பைன் மரத்தின் உட்பட்டையை இடித்து மாவில் கலந்து ரொட்டி சுட்டார்கள். நம் மலைகளில் நட்டிருக்கும் பைனஸ் மரத்தின் இனம்தான் அது. பிச்சை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக நடந்தார்கள். அவர்களோடு பேன் மூலம் பரவும் டைபஸ் காய்ச்சலும் நடந்தது. 1868ஆம் ஆண்டு மட்டும் ஏறக்குறைய 1 லட்சத்து 38 ஆயிரம் பேர் செத்தார்கள். நாட்டின் மொத்த ஜனத்தொகையே சுமார் 18 லட்சம்தான். வழமையான வருஷத்தைப் போல இது மூன்று மடங்கு. அவர்களில் பெரும்பாலோரைக் கொண்டுபோனது டைபஸும் வயிற்று நோய்களும்.

பிறப்பும் குறைந்துவிடும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சாப்பாடு இல்லாத உடம்பில் பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோகும், கரு தங்காது. அதனால் பஞ்சம் கழிந்த அடுத்த வருஷம் தொட்டில்களும் காலியாக இருக்கும். மெட்ராஸ் ராஜதானியில் 1878இல் அப்படித்தான் பிறப்பு மிகவும் குறைந்தது.

தாது வருஷப் பஞ்சம்

இப்போது நமது முன்னோர்களின் ஊருக்கு வருவோம்.

1876ஆம் ஆண்டு தமிழ்க் கணக்கில் தாது வருஷம். அந்த வருஷம் தென்மேற்குப் பருவமழை குறைவாகப் பெய்தது. ஐப்பசி, கார்த்திகையில் வரவேண்டிய வடகிழக்குப் பருவமழையும் ஏமாற்றிவிட்டது. அடுத்த வருஷம், 1877இல், தென்மேற்குப் பருவமழை மறுபடியும் பொய்த்தது. இது ஏதோ தெய்வக் குற்றம் என்று அன்றைக்கு ஜனங்கள் பயந்தார்கள். இன்றைக்கு வானிலை அறிஞர்கள் காரணம் சொல்கிறார்கள். பல ஆயிரம் மைல்களுக்கு அப்பால் பசிபிக் சமுத்திரத்தின் தண்ணீர் சில வருஷங்களில் வழமையை விடச் சூடாகிவிடும். இதை எல் நினோ என்று சொல்கிறார்கள். அப்படிச் சூடாகும்போது காற்றின் ஓட்டம் மாறி, இந்தியாவில் பருவமழை பலவீனமாகும். 1877இல் வந்தது மிகப் பலமான எல் நினோ. அதே காலத்தில் சீனாவின் வட பகுதியிலும் பிரேசிலிலும் கொடிய வறட்சி வந்து லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள்.

மழை இல்லாதது இயற்கையின் வேலை. அதற்குப் பிறகு நடந்தது மனிதர்களின் வேலை. அப்போது ரயில் ஓடியது. ஆனால் தானியம் பஞ்சம் இருந்த ஊருக்குப் போகவில்லை, விலை கிடைத்த ஊருக்குப் போனது. வியாபாரிகள் பதுக்கினார்கள். அதே காலத்தில் இந்தியாவிலிருந்து கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. வியாபாரத்தில் அரசாங்கம் தலையிடக் கூடாது என்பது அன்றைய ராஜப்பிரதிநிதி லிட்டன் பிரபுவின் கொள்கை. விக்டோரியா மகாராணியை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அறிவிக்க, 1877 ஜனவரி 1ஆம் திகதி டெல்லியில் பெரிய தர்பார் நடத்தியதும் இதே லிட்டன்தான்.

செலவைக் குறைக்க அவர் அனுப்பிய ஆள் சேர் ரிச்சர்ட் டெம்பிள். இவருடைய கதை கவனிக்க வேண்டியது. 1873-74இல் வங்காளம், பீகார் பக்கம் மழை பொய்த்தபோது, பஞ்ச நிவாரணத்தை நடத்தியவர் இதே டெம்பிள்தான். அப்போது பர்மாவிலிருந்து ஏராளமாக அரிசி இறக்கி ஜனங்களுக்குக் கொடுத்தார். பட்டினிச் சாவு மிகமிகக் குறைவாக இருந்தது. ஆனால் "பணத்தை வீணாக்கிவிட்டார்" என்று மேலிடம் அவரைக் குறை சொன்னது. அந்தக் குற்றச்சாட்டை மனதில் வைத்துக்கொண்டோ என்னவோ, மெட்ராஸுக்கு வந்தபோது நேர் எதிராக நடந்தார். ரோட்டு வெட்டவும் வாய்க்கால் வெட்டவும் வந்த நிவாரண வேலைக்காரனுக்கு, நாள் முழுவதும் உழைத்தால் ஒரு றாத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையும் என்று கூலியைக் குறைத்தார். மெட்ராஸ் சுகாதார ஆணையாளராக இருந்த டொக்டர் கோர்னிஷ் இதை எதிர்த்து எழுதினார். இந்த அளவு சாப்பாட்டில் கடின வேலை செய்கிற மனிதன் உயிர் வாழ முடியாது என்று வாதாடினார். பிறகுதான் படியைக் கொஞ்சம் கூட்டினார்கள். அதற்குள் எத்தனையோ பேர் போய்விட்டார்கள்.

1877இல் மெட்ராஸ் ராஜதானியில் வாந்திபேதி மட்டும் 3 லட்சத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதாகப் பதிவு இருக்கிறது. அந்த வருஷக் கடைசியில் மழை வந்தது. நல்ல காலம் பிறந்தது என்று ஜனங்கள் நினைத்தார்கள். ஆனால் மழையோடு நுளம்பும் பெருகி, வற்றிய உடம்புகளில் மலேரியாக் காய்ச்சல் புகுந்தது. பஞ்சத்துக்குத் தப்பியவர்கள் காய்ச்சலில் செத்தார்கள். மெட்ராஸ், மைசூர், பம்பாய், ஐதராபாத் எல்லாம் சேர்த்து இந்தப் பஞ்சத்தில் செத்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்று சரித்திர ஆசிரியர்கள் கணக்கிடுகிறார்கள்.

சேலம் ஜில்லாவை மட்டும் பாருங்கள். 1871 குடிசனக் கணக்கில் அங்கே சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். பத்து வருஷம் கழித்து, 1881இல், சுமார் 16 லட்சம் பேர். கூட வேண்டிய கணக்கு மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைந்துவிட்டது. குறைந்தவர்கள் எல்லோரும் சாகவில்லை. ஊரை விட்டுப் போனவர்களும் அதில் உண்டு.

அப்படிப் போனவர்களில் ஒரு பகுதியினர்தான் இங்கே வந்தார்கள். திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்து ஜனங்கள் கங்காணி மாரோடு கடல் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை கால்நடையாக வந்தார்கள். அந்தப் பாதையில் வாந்திபேதியில் விழுந்தவர்கள் ஏராளம். அப்போது இங்கே கோப்பிக் காலம். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் தேயிலை நட்டிருந்தாலும், தேயிலை பெருகியது பிறகுதான். 1869இல் கண்டுபிடித்த கோப்பி இலை நோய் தோட்டம் தோட்டமாகப் பரவி, 1880களில் கோப்பியே அழிந்தது. பஞ்சத்துக்குத் தப்பி வந்தவர்கள் இங்கே இன்னொரு பயிர் அழிவைப் பார்த்தார்கள்.

ஆகவே நமது முன்னோர்கள் சோம்பலால் ஊரை விட்டு வந்தவர்கள் அல்ல. நடக்கத் தெம்பு இருக்கும்போதே பிள்ளை குட்டியோடு புறப்பட்டவர்கள். "பஞ்சம் பொழைக்க வந்தவங்க" என்று யாராவது ஏளனமாகச் சொன்னால் தலை குனிய வேண்டியதில்லை.

ஒரே குளிர், வேறு வேறு சாவு

மழையும் குளிரும் மாறினால் சாவு வந்தே தீருமா? இல்லை. இதற்கும் சரித்திரத்தில் சாட்சி இருக்கிறது.

1690களில் ஐரோப்பாவின் வட பகுதி முழுவதும் கடும் குளிர். பிரான்சில் 1693இல் அறுவடை கெட்டது. அந்த வருஷமும் அடுத்த வருஷமும் சேர்ந்து வழமைக்கு மேலாக ஏறக்குறைய 13 லட்சம் பேர் செத்தார்கள். ஸ்கொட்லாந்தில் 1695 முதல் 1699 வரை விளைச்சல் கெட்டது. பத்தில் ஒரு பங்கு அளவு ஜனங்கள் செத்தும் ஊரை விட்டுப் போயும் குறைந்தார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். பக்கத்திலேயே இருக்கும் இங்கிலாந்திலும் அதே குளிர்தான், அங்கேயும் விலை ஏறியது. ஆனால் அங்கே பெரும் பஞ்சச் சாவு இல்லை.

காரணம் என்ன? 1601ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இங்கிலாந்தில் ஒவ்வொரு கோயிற்பற்றும் வசதியுள்ளவர்களிடம் வரி வாங்கி, ஏழைகளுக்கும் விதவைகளுக்கும் வேலை இல்லாதவர்களுக்கும் உதவி கொடுக்க வேண்டும். அந்த ஏற்பாடு ஊர் ஊராக நடைமுறையில் இருந்தது. ஒரே தானியத்தை நம்பாமல் கோதுமை, பார்லி, ஓட்ஸ் என்று வேறு வேறு காலத்தில் விளையும் பயிர்களை விதைத்தார்கள். கடலோரமாகக் கப்பலில் தானியம் சுலபமாக இடம் மாறியது. உதவி சொந்த ஊரிலேயே கிடைத்ததால் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக அலையவில்லை. அலையாததால் நோயும் அவ்வளவாகப் பரவவில்லை.

இது நமக்குப் பழைய கதையா?

ரயிலும் ஆஸ்பத்திரியும் வந்த பிறகும் இந்தப் படிகள் மாறவில்லை. 1934இல் இலங்கையில் மழை பொய்த்து, ஆறுகள் வற்றிக் குட்டைகளாக நின்றன. அந்தக் குட்டைகளில் மலேரியா நுளம்பு பெருகியது. விளைச்சல் கெட்டுப் பலவீனமாயிருந்த கிராமத்து ஜனங்களில் 1935 முடிவதற்குள் சுமார் 80,000 பேர் செத்தார்கள். கேகாலை, குருநாகல் பக்கம் மிகவும் மோசம்.

1973-74ஐ இன்றும் நம் வயதானவர்கள் மறக்கவில்லை. உலகச் சந்தையில் தானிய விலை பல மடங்கு ஏறியது. இலங்கையில் அரிசி, மா, சீனிப் பங்கீட்டைக் குறைத்தார்கள். வயலோ காணியோ இல்லாத தோட்டத்து ஜனங்கள்தான் முதலில் அடி வாங்கினார்கள். 1974இல் தோட்டப் பகுதிகளில் மரண விகிதம் நாட்டின் மற்றப் பகுதிகளை விட வெகுவாக உயர்ந்தது. கைக்குழந்தைகள் நிறையச் செத்தன. 2022இல் பொருளாதார நெருக்கடி வந்தபோது, செப்டம்பர் மாதத்தில் உணவு விலை ஒரு வருஷத்துக்கு முந்தியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அப்போதும் சாப்பாட்டுக்கு மிகவும் கஷ்டப்பட்டவர்கள் தோட்டத்துக் குடும்பங்கள்தான். விலை ஏறுகிறது, கூலி ஏறவில்லை. தாது வருஷத்தில் நடந்த அதே முதல் படிதான் இது.

ஆனால் மூன்றாம் படியை, அதாவது நோயை, நாம் இன்று தடுக்க முடியும். அன்றைக்கு அவர்களுக்கு இல்லாத அறிவும் மருந்தும் நமக்கு இருக்கிறது. கொழுந்து குறைந்து, பேரும் குறையும் வெயில் மாசங்களில் கீழே உள்ளவற்றைக் கட்டாயம் கவனியுங்கள்.

1. காசு குறைந்தால் நாம் முதலில் நிறுத்துவது பருப்பு, முட்டை, நெத்தலி. வேறு எதையாவது நிறுத்துங்கள். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கும், வயிற்றில் பிள்ளையுள்ள தாய்க்கும், பால் கொடுக்கும் தாய்க்கும் இவை குறையக் கூடாது. எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைத் தாய் சாப்பிடும் பழக்கத்தை விடுங்கள்.

2. வெயில் காலத்தில் ஊற்றுத் தண்ணீர் குறைந்து அழுக்காகும். கொதித்தாறிய தண்ணீரையே குடியுங்கள். கக்கூஸ் பாவித்த பிறகும், சமைக்க முன்பும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

3. பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றால் சாப்பாட்டையோ தாய்ப்பாலையோ நிறுத்த வேண்டாம். ஜீவனியைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கண் குழி விழுந்தால், பிள்ளை சோர்ந்து போனால், மலத்தில் இரத்தம் கண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

4. மாதம் தவறாமல் கிளினிக்கில் பிள்ளையை நிறுத்துப் பாருங்கள். கார்ட்டில் கோடு மேலே ஏறாமல் நேராகப் போனாலே அது எச்சரிக்கை. திரிபோஷா கிடைத்தால் அதை அந்தப் பிள்ளைக்கே கொடுங்கள். வீட்டில் எல்லோருக்கும் பங்கு போட வேண்டாம்.

5. லயத்துக்குப் பக்கத்தில் கையளவு நிலம் இருந்தாலும் ஒரே பயிராக நடாதீர்கள். மரவள்ளி, வத்தாளை, போஞ்சி, கீரை என்று கலந்து நடுங்கள். ஒன்று போனால் ஒன்று நிற்கும்.

6. எந்த லயத்தில் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது பக்கத்து வீட்டுக்குத்தான் முதலில் தெரியும். அந்த வீட்டார் வெட்கப்பட்டுச் சொல்லமாட்டார்கள். நீங்கள் வந்து சேமநல உத்தியோகத்தரிடமோ, பிள்ளைக் காம்பரா அம்மாவிடமோ, தலைவரிடமோ சொல்லுங்கள். இதைக் கோள் சொல்வதாக நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் அந்தக் குளிர் வருஷங்களில் ஜனங்களைக் காப்பாற்றியது இப்படி ஊருக்குள்ளேயே கிடைத்த உதவிதான்.

மழை பெய்வதும் பொய்ப்பதும் நம் கையில் இல்லை. விலையும் பெரும்பாலும் நம் கையில் இல்லை. தண்ணீரைக் கொதிக்க வைப்பதும், பிள்ளையின் கார்ட்டைப் பார்ப்பதும், பக்கத்து வீட்டை விசாரிப்பதும் நம் கையில் இருக்கிறது. வருகிற வெயில் காலத்துக்கு முன்பே இவற்றைத் தொடங்கிவிடுங்கள்.